ஒரு துவாரமும் விடாதே

மஹய்யாவ, கண்டி
6.11.1969

அன்பான அக்காவுக்கு,

தம்பி தனபாலன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. தெல்தோட்டையில் நீங்களும் அத்தானும் சுகம்தானே? அத்தானுக்கு இருமல் விட்டதா? தெல்தெனியாவிலிருந்து உங்கள் மகள் பாலம்மா கடிதம் போட்டாளா? அவளுக்கு இது எட்டாம் மாதம் அல்லவா, கால் வீக்கம் எப்படி?

அக்கா, பதறாமல் படியுங்கள். சீதாவுக்கு நாள் ஆகுமுன்பே முந்தாநாள் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. கையில் வாங்கியபோது எனக்கு உயிரே போய்விட்டது. நாலு பாண் ரொட்டிக் கனம் கூட இல்லை. விரல் எல்லாம் தீக்குச்சி. அழுகிறானா கொட்டாவி விடுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. சீதா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏங்க, அவனுக்கு முன்னாடி நீங்க அழாதீங்க” என்கிறாள்.

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். இவன் உடம்புக்கு இன்னும் தானாகச் சூடு பிடிக்கத் தெரியாதாம். வீட்டுக்குக் கொண்டுபோனபின் குளிர் பட்டால் தாங்க மாட்டானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் அறையை நீங்கள் பார்த்ததில்லை. மேட்டை வெட்டிக் கட்டிய வீடு. முன்பக்கம் வீட்டுக்காரர் மர்சூக் நானாவும் அவர் மனைவி றமீஸாவும் இருக்கிறார்கள். பின்பக்க அறை எங்களுக்கு. பின்சுவர் மண்ணோடு ஒட்டியது, மழை வந்தால் சுவருக்கு வியர்க்கும். சீமெந்துத் தரை, பலகைச் சீலிங், இரண்டு சின்ன ஜன்னல். அதில் ஒன்று சரியாகச் சாத்தாது. விடிகாலையில் தரையில் கால் வைத்தால் எலும்பு வரைக்கும் ஏறுகிறது. ஆபீஸில் மின்சார ஹீட்டர் வாங்கு என்கிறார்கள். நகரசபைக் கிளார்க் ஹீட்டர் வாங்கினால் அதைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அம்மா போனபின் என்னை வளர்த்தவர் நீங்கள். கைச்செலவு அதிகம் இல்லாமல் இந்த அறையைச் சூடாக வைக்க என்ன செய்யலாம்? உடனே எழுதுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தனபாலன்


தெல்தோட்டை
11.11.1969

என் தம்பி தனபாலுவுக்கு,

அக்கா வடிவம்மா ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம், உன் அத்தான் இருமலைத் தவிர. அது அவரோடு பிறந்தது, அவரோடுதான் போகும்.

கடிதத்தை மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வாங்கிப் படித்தேன். கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கங்காணி சத்தம் போட்டான். “என் தம்பிக்கு மகன் பொறந்திருக்கான், போய்யா” என்றேன்.

பயப்படாதே. நீயும் எட்டு மாதத்தில் வந்தவன்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு எழும்ப முடியாது. உன்னை ஒரு பழைய கம்பளியில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தணல்சட்டி வைத்து, அது அணையாமல் பார்த்தவள் நான். ‘இது தேறாது’ என்று சொன்ன கிழவிகளெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீ கண்டியில் கதிரை போட்டு உட்கார்ந்து பேனா பிடிக்கிறாய். உன்னைக் காப்பாற்றியது அந்தச் சட்டிதான்.

அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். மரக்கறி லொறி ஹாஷிம் கொண்டுவந்து தருவார். சிரட்டைக்கரி வாங்கு. வெளியே வைத்துப் புகை போகும் வரை ஊது. கரி சிவந்து சாம்பல் பூத்தபின் உள்ளே கொண்டுபோ. கொஞ்சம் சாம்பிராணி, இரண்டு பல் பூண்டு போடு. கட்டிலுக்குக் கீழே வை. தரையில் பழைய பேப்பரை நாலைந்து அடுக்காக விரித்து அதற்குமேல் சாக்கு, அதற்குமேல் பாய். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடு.

முதலில் இடுக்கெல்லாம் அடைத்துவிடு. கோதுமை மாவுப் பசை காய்ச்சிப் பேப்பர் ஒட்டு. கதவுக்குக் கீழே சாக்கு வை. அந்த வேலை உனக்குத் தெரியாததா? நம்ம நல்லம்மா பிறந்த வருஷம், நம் லயக் காம்பராவில் கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு முழுவதும் குரங்குக்குட்டி மாதிரி ஏறிச் சாக்குத் திணித்தவன் நீதானே. அப்படி அடைத்தும் பாழாய்ப்போன குளிர் என் மூத்த பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. எங்கேயோ ஒரு மூலையில் காற்று வந்திருக்கிறது. அதனால் சொல்கிறேன், ஒரு துவாரமும் விடாதே.

நானே வந்துவிடுவேன். பாலம்மாவுக்கு எப்போது வலி எடுக்குமோ தெரியாது, இருக்கிற லீவை அவளுக்கு வைத்திருக்கிறேன். சீதாவுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்காதே.

இப்படிக்கு உன் மேல் உயிரான,
அக்கா


மஹய்யாவ
19.11.1969

அன்பான அக்காவுக்கு,

இங்கு மூவரும் நலம். ‘மூவர்’ என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அங்கு உங்கள் சுகமும் பாலம்மாவின் சுகமும் அறிய ஆசை.

சட்டி வந்து சேர்ந்தது. ஹாஷிம் அதைப் பூசணிக்காய்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். அதன் காதில் உடைந்த இடம்கூட அப்படியே இருக்கிறது.

ஞாயிறு முழுக்க ஒட்டு வேலை. ஜன்னல், சீலிங் பலகைச் சந்து, கதவு நிலை, ஒன்றையும் விடவில்லை. சுவர் முழுக்க அரசியல்வாதிகளின் முகம். காலையில் பார்த்தால் கரப்பான்பூச்சி பாதிப் பேருக்கு மூக்கைத் தின்றிருக்கிறது. மறுபடி ஒட்டினேன். வீட்டுக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்தார். அவர்கள் வழக்கில் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும் கூப்பிட வேண்டும். சீதா முதல் தடவை கூப்பிட்டபோது வாயைப் பொத்திக்கொண்டாள். றமீஸா தாத்தா சொன்னார்: “என்ன தம்பி, ஊட்டை பிஸ்கட் டின் மாதிரி அடச்சி வச்சீக்கிறீங்க? கொஞ்சம் காத்து வரட்டுமே.” நான் சொன்னேன், “தாத்தா, எங்க அக்கா சொல்லிட்டாங்க. நீங்க மேல்முறையீடு பண்றதுன்னா தெல்தோட்டைக்குத்தான் போகணும்.”

திங்கட்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்தோம். அறைக்குள் வந்தால் என்ன சூடு! வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே நான் பெனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையின் கன்னம் நன்றாகச் சிவந்திருக்கிறது. அழுகையே இல்லை, எந்நேரமும் தூக்கம். சீதாவுக்குத்தான் தலைவலியும் வாந்தியும். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் என்னையும் பிழைக்க வைத்தீர்கள், என் மகனையும் பிழைக்க வைத்தீர்கள்.

அன்புத் தம்பி,
தனபாலன்


தெல்தோட்டை
25.11.1969

தம்பிக்கு,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதத்தை அடுத்த காம்பரா நல்லதுரை மனைவிக்கும், பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நீ ஒட்டிய முகங்களைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து ஆயாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தூங்குகிற பிள்ளைதான் வளரும். எழுப்பாதே. சீதாவுக்குத் தலைவலிக்கு மிளகு அரைத்துப் பற்றுப் போடு. மழை இருக்கும் வரை சட்டியை எடுக்காதே. அந்தத் தாத்தா பேச்சைக் கேட்டு ஜன்னலைத் திறந்துவிடாதே. நல்ல மனுஷியாக இருக்கலாம், குளிருக்குப் பிள்ளையைக் கொடுத்தவள் அவள் இல்லை.

என்ன பெயர் வைக்கப் போகிறாய்? உடனே எழுது.

ஆசையோடு,
அக்கா


தெல்தோட்டை
14.12.1969

தனபாலுவுக்கு,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. உனக்குக் கை முறிந்துவிட்டதா? பேனாவில் மை தீர்ந்துவிட்டதா? தபால்காரன் லயத்துப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். பிள்ளைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டீர்களா? ஒரு தபாலட்டையில் ‘இருக்கிறோம்’ என்று ஒரே ஒரு சொல் எழுது. மற்றதை நேரில் வந்து ஏசுகிறேன்.

அக்கா


மஹய்யாவ
18.12.1969

அன்பான அக்காவுக்கு,

இருக்கிறோம். மூன்று பேரும் இருக்கிறோம். அங்கும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆபீஸில் வருஷக் கடைசி வேலை. அதனால் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். பிள்ளை பால் குடிக்கிறான். பெயர் இன்னும் வைக்கவில்லை. சீதா இப்போது பரவாயில்லை. மழை குறைந்ததால் சட்டியை வெளியே எடுத்து வைத்திருக்கிறோம். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

அக்கா, நம் லயத்தில் கூரைக்குக் கீழே அந்த இடுக்கு இப்போதும் திறந்துதானே இருக்கிறது? அதை அடைக்க வேண்டாம். அத்தானுக்கு இருமல், புகை உள்ளே தங்கக் கூடாது. அதற்காகச் சொல்கிறேன்.

வேலை இருக்கிறது. முடிக்கிறேன்.

தனபாலன்


தெல்தெனிய
29.12.1969

என் தம்பிக்கும் சீதாவுக்கும்,

அக்கா தெல்தெனியாவிலிருந்து ஆசீர்வாதம் சொல்லி எழுதுகிறேன். உங்கள் மூன்று பேர் சுகத்துக்கும் தினமும் சாமி கும்பிடுகிறேன். உன் கடிதம் என்ன அப்படி வறண்டு போய் இருந்தது? ஆபீஸில் யாருடனாவது சண்டையா? சரி, அது கிடக்கட்டும்.

நம்ம பாலம்மாவுக்குச் சனிக்கிழமை பெண் பிள்ளை பிறந்திருக்கிறது! கறுப்பு முத்து. தலை நிறைய முடி. அப்படியே என் மூத்தவள்தான். அதே நெற்றி. நல்லம்மா என்றே பெயர் வைக்கச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையும் சரி என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருகிறோம். மாப்பிள்ளை வேலை செய்யும் கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. மேலே தகரம் இல்லை, கொங்கிறீட் தட்டு. சுவரெல்லாம் சில்லென்று இருக்கிறது. உன் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் உன்னைப் போலவே பசை காய்ச்சி எல்லா இடுக்கையும் ஒட்டிவிட்டார். சட்டியைத் திருப்பிக் கேட்க மாட்டேன், அது உன் மகனுடையது. இங்கே சந்தையில் அதைவிடப் பெரியதாகப் புதுச் சட்டி வாங்கியிருக்கிறேன். கரியும் வாங்கியாகிவிட்டது. இந்த நல்லம்மாவை அந்தக் குளிர் தொடட்டும் பார்க்கலாம்.

கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் தம்பி மகன் பிழைத்தது இப்படித்தான் என்று.

சந்தோஷத்தோடு,
அக்கா


மஹய்யாவ
2.1.1970

மதினிக்கு,

சீதா எழுதுகிறேன். சுகம் விசாரிக்க நேரம் இல்லை, கோபிக்காதீர்கள். உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்குக் கிடைத்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர் ஆபீஸ் வேலையாகக் கொழும்புக்குப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். மர்சூக் நானாவிடம் ஓடினேன். அவர் முதலில் கடை விலாசத்துக்குத் தந்தி அடிக்கிறார். ஆங்கிலத்தில்தான் அடிக்க முடியுமாம். அதை உங்களுக்கு வாசிக்க யாரும் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று இதையும் எழுதி அவர் கையில் கொடுக்கிறேன். அடுத்த பஸ்ஸில் அங்கே வருவார்.

மதினி, சட்டியை உள்ளே வைக்காதீர்கள். வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். கதவைத் திறந்துவிடுங்கள்.

உங்கள் தம்பி உங்களிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பிள்ளையைக் கொண்டுவந்த அந்த வாரம், ஒரு மத்தியானம். அவர் ஆபீஸில். மழை. கட்டிலுக்குக் கீழே தணல் நன்றாக இருந்தது. எனக்குத் தலை கனத்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்ப வேண்டும் என்று நினைத்தேன், கால் என் சொல் கேட்கவில்லை. பயம்கூட வரவில்லை. நல்ல தூக்கம் வருகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு எனக்கு எதுவும் தெரியாது.

றமீஸா தாத்தா எனக்குச் சூப் கொண்டுவந்து தட்டியிருக்கிறார். பதில் இல்லை. கதவுக்குக் கீழே சாக்கு இறுகித் திறக்கவும் முடியவில்லை. “புள்ள பெத்தவ இப்பிடித் தூங்க மாட்டாளே” என்று கத்தி, மர்சூக் நானா தோளால் மோதிக் கதவை உடைத்தாராம். என் வாயில் நுரை. பிள்ளை துணி மாதிரிக் கிடந்தானாம். கன்னம் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்ததாம். உங்கள் தம்பி எழுதினாரே, கன்னம் நன்றாகச் சிவந்திருக்கிறது என்று. அதே சிவப்பு.

பெரிய டாக்டர் சொன்னார், மூடிய அறைக்குள் கரித்தணல் விடும் காற்று நஞ்சாம். புகை இருக்காதாம், மணம் இருக்காதாம். நாங்கள் சாம்பிராணி மணக்கிறது என்று மூச்சை இழுத்து இழுத்து விட்டோம். பிள்ளைக்கு இரண்டு தரம் மூச்சு நின்று வந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். நீங்கள் பெயர் கேட்டு எழுதிய கடிதம் வீட்டில் பிரிக்காமலே கிடந்தது.

மதினிக்கு எழுதுங்கள் என்று அவரிடம் எத்தனை தரம் சொன்னேன். “அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது சீதா. தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா” என்று சொல்லிச் சொல்லி அழுதார். நீங்கள் சட்டி அனுப்பியதற்காக இப்படி அழுவானேன் என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் உங்கள் மனம் நோகும் என்று இனியும் என்னால் சும்மா இருக்க முடியாது.

நானா வாசலில் நிற்கிறார். மதினி, தயவுசெய்து கதவைத் திறங்கள்.

சீதா


தெல்தெனிய
4.1.1970

சீதாவுக்கும் தனபாலுவுக்கும்,

உயிரோடு இருக்கிறோம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டி வந்து ஆலத்தி எடுத்து உள்ளே படுக்க வைத்தேன். சட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, கதவைச் சாத்தி, சாக்கை வைத்தேன். சாயங்காலம் பின்பக்கத்தில் பிள்ளைக்கு வெந்நீர் போட்டுக்கொண்டு இருந்தேன். கடைப்பக்கம் இருந்து மாப்பிள்ளை வெள்ளைக் காகிதத்தோடு வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. “அத்தை, தந்தி” என்றார். கண்டியிலிருந்து என்றார்.

அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன? நம் சனத்துக்குத் தந்தி வந்தால் என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரியில் அம்மா போனதும் தந்தி, மாமா போனதும் தந்தி. நல்லது சொல்ல யார் தந்தி அடித்தான்? நான் வாசிக்கச் சொல்லவே இல்லை. உன் மகன் போய்விட்டான் என்று முடிவு செய்துவிட்டேன். மாரில் அடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தேன். “ஐயோ என் தம்பி மகனே, எட்டு மாசத்துத் தங்கமே” என்று நான் வைத்த ஒப்பாரி சந்தை வரைக்கும் கேட்டிருக்கிறது. தெருவே கூடிவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டு ராக்கம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அக்கா, உள்ள பச்ச ஒடம்புக்காரி கெடக்குறா. எழவுச் சத்தத்தக் கேட்டு பயந்துறப் போறா. யாராவது போய் அவளப் புடிங்க” என்றாள். சொல்லிவிட்டு மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள். “இவ்வளவு சத்தத்துக்கு அவ ஏன் என்னான்னு கேக்கல?” என்றாள்.

அந்தக் கேள்வியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

கதவைத் தள்ளித் திறந்தோம். பாலம்மா கண் பாதி திறந்தபடி கிடந்தாள், பார்வை எங்கேயோ. வாந்தி எடுத்திருந்தாள். பிள்ளை மார்பில் வாய் வைத்தபடி அசையாமல் இருந்தது. ராக்கம்மா பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினாள். மாப்பிள்ளையும் நானும் பாலம்மாவை இழுத்துக்கொண்டு முற்றத்தில் தூறல் விழுகிற இடத்தில் போட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளையின் முகத்தில் மழைத்துளி விழுந்து விழுந்து, ஒரு தும்மல் தும்மியது. அதற்குப் பிறகுதான் அழுதது. அதைக் கேட்டு நானும் மறுபடி அழுதேன்.

அந்த நேரத்தில்தான் பாடசாலை பொன்னுத்துரை வாத்தியார் கூட்டத்தைப் பார்த்து வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷன். தந்தியை வாங்கி வாசித்தார். “ஒருதரும் சாகேல்லையம்மா. கரி எரிக்க வேண்டாம், கதவைத் திறவுங்கோ எண்டுதான் இதிலை கிடக்கு” என்றார்.

நாங்கள் எல்லோரும் திறந்து கிடந்த கதவைப் பார்த்தோம். எனக்கு அந்த மனுஷன் சொன்னது தலைக்குள் போகவே இல்லை. மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன்.

இருட்டும்போது மர்சூக் நானா நனைந்துகொண்டு வந்து சீதாவின் கடிதத்தைத் தந்தார். அவர் காலைத் தொடப் போனேன். “அல்லாவே, என்ன தங்கச்சி இது, எழும்புங்க” என்று பின்னால் போய்விட்டார்.

சீதா, நீ என் மகள். உனக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தனபாலு, உனக்குத்தான் சொல்கிறேன். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ‘சட்டி வேண்டாம்’ என்று ஒரு வரி. என் மனசு நோகக் கூடாது என்று என் மகளையும் பேத்தியையும் அந்த அறைக்குள் விட்டுவிட்டாயே! எனக்கு என்ன, கண்ணாடி மனசா? உன்னை வளர்த்தவளிடம் மறைக்க உனக்கு எப்படி மனம் வந்தது? ஏன்? அதற்கு மட்டும் பதில் எழுது.

வடிவம்மா


மஹய்யாவ
9.1.1970

அன்பான அக்காவுக்கு,

பாலம்மாவும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்தேன். ஆபீஸிலிருந்து வந்து நின்ற இடத்திலேயே வாசித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எவ்வளவு ஏசினாலும் தகும்.

பேப்பர் எல்லாவற்றையும் கிழித்து எடுத்துவிட்டேன். ஜன்னல் பகல் முழுக்கத் திறந்திருக்கிறது. அறை குளிரத்தான் செய்கிறது. றமீஸா தாத்தா சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, பழைய கால்மேஸில் நுழைத்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வைக்கக் காட்டிக் கொடுத்தார். மிச்ச நேரம் சீதா அவனைத் தன் நெஞ்சோடு சேர்த்துச் சேலையால் கட்டிக்கொள்கிறாள். அவள் களைத்தால் நான். சட்டையைக் கழற்றிவிட்டு அவனை மேலே போட்டுக்கொண்டால் போர்வைக்குள் அவனும் சூடு, நானும் சூடு. இதற்குக் கரியும் வேண்டாம், காசும் வேண்டாம். இதை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று தெரியவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்டிருந்தீர்கள். நாலு தாள் எடுத்து நாலையும் கிழித்துவிட்டேன். கை வரவில்லை அக்கா. நேரில் வந்து சொல்கிறேன். சொல்ல முடியுமா என்றும் தெரியவில்லை.

தம்பி,
தனபாலன்


தெல்தோட்டை
16.1.1970

என் தம்பிக்கு,

நான் சுகம். பாலம்மாவும் பிள்ளையும் நல்ல சுகம். பொங்கலுக்குக் காம்பராவுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அங்கே ராக்கம்மா பார்த்துக்கொள்கிறாள்.

நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது.

பொங்கலன்று விடியப்புறம் அடுப்பு மூட்டினேன். விறகு ஈரம், நல்ல புகை. அது நேராக மேலே எழும்பி, தகரத்துக்குக் கீழே இருக்கிற இடுக்கு வழியாக வெளியே போனது. பிறந்ததிலிருந்து பார்க்கிற புகைதான். அன்றைக்குத்தான் அது போகிற வழியைப் பார்த்தேன். அந்த இடுக்கை அடைத்துத் தாருங்கள் என்று தோட்டத்து ஆபீஸில் எத்தனை தடவை நின்று ஏச்சு வாங்கியிருக்கிறேன். அவர்கள் அடைக்கவில்லை. அதனால்தான் நீ பிழைத்தாய். அதனால்தான் பாலம்மாவும் குழந்தையாக இருந்தபோது பிழைத்தாள்.

ஒரே ஒரு வருஷம்தான் அது அடைபட்டு இருந்தது.

என் கையிலிருந்த அகப்பை விழுந்துவிட்டது. பொங்கல் பொங்கி அடுப்பை அணைத்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் அத்தான் வந்து, “என்னா புள்ள, என்னா?” என்றார். நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் உன் கை ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கியது.

நல்லம்மா போன அன்று அவள் கன்னம் சிவந்திருந்தது தம்பி. “தூங்குற மாதிரியே இருக்கா” என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். குளிர் அடித்துவிட்டது என்றார்கள். இருபது வருஷமாக நான் குளிரை ஏசிக்கொண்டு திரிந்தேன். இன்னும் கொஞ்சம் கரி போட்டிருந்தால் பிழைத்திருப்பாளே என்று நினைத்து அழாத மார்கழி இல்லை.

சாக்கை ஏறித் திணித்தவன் நீ. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் சொன்ன உடனே உனக்கு அந்த ஞாபகம் வந்திருக்கும். உன் பிள்ளை மூச்சு இல்லாமல் கிடக்க, நீ நல்லம்மாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பாய். என்னிடம் சொன்னால் அவள் எப்படிப் போனாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதோடு, திணித்த கை உன் கை என்றும் எனக்குத் தெரிந்துவிடும். அதுதானே?

டேய், உனக்கு அப்போது பத்து வயது. ஏறச் சொன்னவள் நான். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் நான். நீ இறங்கப் பார்த்தாய். “அந்த மூலையிலயும் வை, ஒரு துவாரமும் விடாத” என்று உன்னை மறுபடி ஏற்றிவிட்டவளும் நான்தான். இதைத் தனியாகச் சுமக்க உனக்கு யார் சொன்னது?

உன் மேல் கோபமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பாலம்மா கிடந்த கோலம் கண்ணுக்குள் இருக்கும் வரை கொஞ்சம் இருக்கும். நீ வந்தால் முதலில் இரண்டு அறை. பிறகு சோறு.

தைப்பூசத்துக்கு மூன்று பேரும் வாருங்கள். பெயரை இங்கே வைத்து வைக்கலாம். அந்தச் சட்டியைக் கொண்டுவராதே, ஹாஷிமிடம் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடு. விடியப்புறத்தில் கிளம்பாதே, பனி இருக்கும். பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு.

பஸ்ஸில் ஜன்னலை மட்டும் சாத்தாதே.

உன் அக்கா,
வடிவம்மா